சுயமதிப்பீட்டுப் படிவம்: எழுதி வாங்கிய பிறகு என்ன செய்வது?

கேள்வி இதுதான். சென்னையில் ஒரு மென்பொருள் சப்போர்ட் அணிக்குப் புதிதாக டீம் லீட் ஆகியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குக் கீழே ஒன்பது பேர். மார்ச் மாதம் எல்லோரும் சுயமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டார்கள். ஏழு பேர் தங்களுக்கு 5க்கு 5 போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு பேர் 3. எழுதியிருப்பதைப் படித்தால் போன வருடப் படிவத்தையே எடுத்து ஒட்டியது போல இருக்கிறது. ரேட்டிங் எப்படியும் மேலே முடிவாகிவிடும். "இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா, இல்லை வருடா வருடம் நடக்கும் சடங்கு என்று விட்டுவிடலாமா?"

விட்டுவிடாதீர்கள். நான் பதினோரு வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையிலும், அதற்கப்புறம் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் அலுவலகங்களிலும் அணிகளை நடத்தியிருக்கிறேன். இந்தப் படிவங்களை இருபது மார்ச் மாதங்களாவது படித்திருப்பேன். அதில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது இது: உங்கள் கண்ணில் படாத வேலையை உங்களுக்குக் காட்டுவதற்குத்தான் சுயமதிப்பீடு. ஒருவர் எவ்வளவு நல்ல ஊழியர் என்பதை அளக்க அது உதவாது. அதை அளவுகோலாக நினைத்துப் படித்தால் ஏழு 5களும் இரண்டு 3களும்தான் தெரியும். தகவலாக நினைத்துப் படித்தால் பல நேரம் மலைத்துப்போவீர்கள்.

முதலில் அந்த எண்ணை எடுத்துக்கொள்வோம். தன் வேலைக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க்கும் மேலதிகாரி போடும் மார்க்கும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பலரும் ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆய்வுகளை ஹாரிஸ், ஷாப்ரோக் என்ற இருவர் 1988இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முழுக்க ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொண்டால், ஊழியருக்கும் மேலதிகாரிக்கும் இடையே 0.35தான் வந்தது. அதே ஊழியரைப் பற்றி சக ஊழியர்கள் போட்ட மார்க்கும் மேலதிகாரி போட்டதும் 0.62 ஒத்துப்போயின. வெளியிலிருந்து பார்க்கிற இரண்டு பேர் ஓரளவு ஒரே மாதிரி பார்க்கிறார்கள், உள்ளே இருப்பவர் வேறு ஏதோ பார்க்கிறார் என்று அர்த்தம். அந்த 'வேறு ஏதோ' என்னவென்று எண்ணில் தெரியாது. எழுத்தில் கொஞ்சம் தெரியும், பேச்சில் இன்னும் நன்றாகத் தெரியும்.

எண்ணில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் வெளியிட்ட ஒரு சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்கள் சொன்ன பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வந்தது 25, 65இல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை, ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண் மனதைப் பிடித்து இழுத்துவிட்டது. உங்கள் அணியில் 3 போட்டுக்கொண்ட இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். அந்த 3ஐப் பார்த்த பிறகு அவர்களுக்கு 5 கொடுக்க உங்கள் கை எழும்புமா? பெரும்பாலும் 'அவரே 3 என்கிறார், நாம் 4 கொடுத்தால் சந்தோஷப்படுவார்' என்று 4இல் நின்றுவிடுவோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது.

அதனால் நான் வைத்துக்கொண்ட பழக்கம்: படிவத்தைத் திறப்பதற்கு முன்னால், ஆளுக்கு அரைப் பக்கம் என் கையால் எழுதிவிடுவேன். இவர் இந்த வருடம் செய்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது என்ன, எது நன்றாக இருந்தது, எது உறுத்தியது, எந்த மாதங்களில் இவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியவே இல்லை, அவ்வளவுதான். கடைசி வரிதான் எனக்கு மிக முக்கியம். ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை ஒன்றுமே எழுத வராமல், பிப்ரவரியில் நடந்த ஒரு தகராறு மட்டும் ஞாபகம் வந்தால், குறை அவரிடம் இல்லை, என் கவனிப்பில்தான். நீங்கள் எண்களை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். பரவாயில்லை, படிவங்களை மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு இன்று இரவே அந்த ஒன்பது அரைப் பக்கங்களை எழுதுங்கள்.

கண்ணில் படாத வேலை என்றால் என்ன என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். தொழிற்சாலையில் இருந்தபோது இரவு ஷிஃப்டில் ஒரு மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் இருந்தார், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவருடைய படிவத்தில் ஒரே ஒரு வரி: கொடுத்த வேலைகளைச் செய்து முடித்தேன். அதுவும் ஆங்கிலத்தில், வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. எல்லாக் கட்டத்திலும் 3. கூப்பிட்டு உட்கார வைத்து, "அண்ணா, படிவத்தை விடுங்க. போன வருஷம் ராத்திரியில உங்களை ரொம்பப் படுத்தினது எது?" என்று கேட்டேன். "கம்ப்ரசர்தான் சார்" என்றார் உடனே. அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். ஹார்டுவேர் கடையில் புது வருடத்துக்குக் கொடுப்பார்களே, அந்த மாதிரி டைரி, மூலையெல்லாம் கிரீஸ் கறை. கம்ப்ரசர் ஒவ்வொரு முறை டிரிப் ஆகி நின்றபோதும் தேதி, மணி, ஆயில் டெம்பரேச்சர் எல்லாம் அதில் குறித்து வைத்திருந்தார். ஏப்ரல் முதல் ஆகஸ்ட்வரை 14 முறை. லாரியில் சரக்கு ஏற்றுகிற ஷட்டர் இரவெல்லாம் திறந்தே கிடக்கும், அந்தத் தூசி முழுக்க ஆயில் கூலரில் போய் அடைத்துக்கொள்ளும் என்று அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். செப்டம்பரிலிருந்து ஞாயிறுதோறும் கூலரை ஏர் அடித்துச் சுத்தம் செய்திருக்கிறார். அதன்பிறகு மார்ச்வரை இரண்டே முறைதான் நின்றிருக்கிறது.

இது எந்த அறிக்கையிலும் இல்லை. கம்ப்ரசர் நின்றால் அறிக்கை வரும், நிற்காமல் ஓடினால் யார் எழுதுவார்கள்? காலை ஷிஃப்ட் எஞ்சினியருக்கே தெரியாது. "இதை ஏன் எழுதல?" என்று கேட்டதற்கு, "அது நம்ம வேலைதானே சார், இதப் போய் எழுதுவாங்களா" என்றார். அவரைப் பற்றி நான் முன்பே எழுதி வைத்திருந்த அரைப் பக்கத்தில் 'நல்லவர், அமைதியானவர், முன்முயற்சி குறைவு' என்று இருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவரிடமிருந்து இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். ஒன்று மொழி. நம் ஊரில் படிவம் ஆங்கிலத்தில் வருகிறது. ஆங்கிலம் சரளமாக வருகிறவர் சின்ன வேலையைக்கூட அரைப் பக்கத்துக்கு அழகாக எழுதிவிடுகிறார். வராதவர் கூகுளில் தேடி நாலு வரியை ஒட்டுகிறார், அல்லது போன வருடத்ததையே போடுகிறார். நீங்கள் 'காப்பி அடித்தது' என்று நினைக்கிற படிவங்களில் பாதி சோம்பலால் வந்ததல்ல, எழுதத் தெரியாத கூச்சத்தால் வந்தது. மென்பொருள் அலுவலகத்திலும் இது உண்டு. அருமையாகக் கோட் எழுதுவார்கள், தங்களைப் பற்றி நாலு வாக்கியம் எழுதச் சொன்னால் திணறுவார்கள். நான் என் அணியில் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன்: தமிழில் எழுதுங்கள், பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள், இல்லை வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடம் பேசி அனுப்புங்கள், கம்பெனி படிவத்துக்கு நான் மாற்றித் தருகிறேன். மாற்றியதை அவரிடம் படித்துக் காட்டி, சரி என்ற பிறகுதான் ஏற்றுவேன். ஆளுக்கு அரைமணி நேரம் போகும். போனால் போகட்டும்.

இன்னொன்று, கேள்வி. படிவம் 'உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, இந்த ஆண்டின் சாதனைகள் என்ன' என்று கேட்கிறது. சாதனை என்ற சொல்லைப் பார்த்ததும் கம்ப்ரசர் கூலரைச் சுத்தம் செய்தவர் ஒதுங்கிக்கொள்கிறார். பலவீனம் என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோரும் 'எதையும் மிகச் சரியாகச் செய்ய நினைப்பதால் சில சமயம் தாமதமாகிறது' என்று எழுதிவிடுகிறார்கள், நேர்முகத் தேர்வில் சொன்ன அதே பதில். கம்பெனி படிவத்தை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் அதோடு கூட ஒரு தாள் கொடுத்து உங்கள் கேள்விகளைக் கேட்பதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

நான் கேட்பது: நீங்கள் செய்ததில் எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத வேலை எது? எந்த வேலை நினைத்ததைவிட இழுத்துக்கொண்டே போனது, எங்கே மாட்டிக்கொண்டது? அதே வேலையை மறுபடி கொடுத்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலில்தான் உண்மையான குறைகள் தெரியும், ஏனென்றால் அதில் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. அப்புறம், நான் எதைச் செய்வதை நிறுத்தினால் உங்கள் வேலை சுலபமாகும்? முதல் வருடம் இதற்கு எல்லோரும் 'ஒன்றுமில்லை சார்' என்றுதான் எழுதுவார்கள். இரண்டாம் வருடம் ஒருவர் துணிந்து எழுதுவார். எனக்கு வந்த முதல் பதில், ராத்திரி பத்து மணிக்குமேல் 'அவசரமில்லை' என்று தலைப்பு போட்டு மெயில் அனுப்பாதீர்கள், அதைப் பார்த்தபிறகு தூக்கம் வருவதில்லை என்பது. நிறுத்தினேன். அடுத்த வருடம் நாலு பேர் எழுதினார்கள்.

இன்னொரு கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும். யாருடைய உதவி இல்லாமல் இது முடிந்திருக்காது? இதை எல்லோரிடமும் கேளுங்கள். ஒன்பது தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே பெயர் அஞ்சாறு இடத்தில் வந்து நிற்கும். அந்தப் பெயருக்கு உரியவரின் படிவத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. சப்போர்ட் அணிகளில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். டிக்கெட்டை, அதாவது கஸ்டமரின் புகாரைத் தீர்த்து மூடினவர் பெயர்தான் கணக்கில் ஏறும். மூடுவதற்கு வழி சொல்லிக் கொடுத்தவர் பெயர் எங்கேயும் பதிவாகாது. எண்ணிக்கையைப் பார்த்தால் அவர் பின்தங்கியவர், உண்மையில் அணியே அவர் தோளில் நிற்கிறது.

ஏழு பேர் 5 போட்டுக்கொண்டார்கள் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அதில் பேராசை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் தன் உழைப்பு தனக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது, அடுத்தவர் உழைப்பு பாதிதான் தெரிகிறது என்பதும் ஒரு காரணம். கனடாவில் ராஸ், சிகோலி என்ற இருவர் 1979இல் கணவன் மனைவியரிடம் தனித்தனியே கேட்டார்கள், வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று. இரண்டு பேர் சொன்னதையும் கூட்டினால் நூறைத் தாண்டியது. சண்டையை ஆரம்பித்து வைப்பது போன்ற விஷயங்களில்கூட ஆளாளுக்குத் தன் பங்கைக் கூட்டித்தான் சொன்னார்கள், ஆகவே இது வெறும் பெருமை இல்லை. ஒன்பது பேர் அணியில் ஒன்பது பேரும் 'அந்த ரிலீஸை நான்தான் கரை சேர்த்தேன்' என்றால் ஒன்பது பொய்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்பது பேரும் அன்று ராத்திரி தூங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது 3 போட்டுக்கொண்டவர்கள். அமெரிக்காவில் எக்ஸ்லி, கெஸ்லர் என்ற பொருளியலாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தேர்வைக் கொடுத்தார்கள். இரு தரப்பும் ஒரே அளவில்தான் எழுதின. ஆனால் 'நான் நன்றாகச் செய்தேன்' என்பதற்கு 100க்கு எத்தனை என்றபோது ஆண்கள் சராசரியாக 61 போட, பெண்கள் 46 போட்டார்கள். உங்கள் உண்மையான மார்க் இதுதான், மற்றவர்களோடு ஒப்பிட்டால் இந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று சொன்ன பிறகும் இடைவெளி போகவில்லை. ஊருக்கு ஊரும் மாறும். தைவான் ஊழியர்களிடம் நடத்தி 1991இல் வெளிவந்த ஆய்வில், மேலதிகாரி கொடுத்ததைவிடக் குறைவாகவே அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்டதாகத் தெரிந்தது, அமெரிக்காவில் பொதுவாகக் காணப்பட்டதற்கு நேர் எதிராக.

நாமும் 'தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளாதே' என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் எழுநூறு வருடத்துக்கு மேல் பழமையான நம் நன்னூலில் பவணந்தியார் இதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது என்று நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்கிறார். அப்ரைசல், அதாவது பணி மதிப்பீட்டுப் படிவம், முதல் இரண்டு இடங்களுக்குமே பொருந்தும், யோசித்துப் பாருங்கள். மேலே ஓலை போகிறது, படிக்கிறவருக்கு உங்கள் ஆற்றல் தெரியாது. கூச்சப்படுகிற பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்வதுண்டு. கொஞ்சம் சிரித்துவிட்டு எழுத ஆரம்பிப்பார்கள்.

சரி, படிவம் வந்துவிட்டது, உங்கள் அரைப் பக்கமும் தயார். இனி உட்கார்ந்து பேச வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடி அறை வேண்டாம், வெளியிலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தால் வாய் வராது. முதலில் அவர் பேசட்டும். நீங்கள் எழுதியதும் அவர் எழுதியதும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே மட்டும் நில்லுங்கள். ஒத்துப்போன இடங்களைப் பற்றி மரியாதைக்காகப் பத்து நிமிடம் பேசி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

ஒத்துப்போகாததற்கு நான் பார்த்தவரை மூன்று காரணங்கள் வரும். அவர் செய்தது எனக்குத் தெரியாது, கம்ப்ரசர் மாதிரி. அல்லது நான் எதிர்பார்த்தது அவருக்குத் தெரியாது. இது மிக அதிகம். ஒரு டெஸ்டிங் எஞ்சினியர், வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம் ஆன பெண், தனக்கு 5 போட்டிருந்தார், நான் 3 என்று நினைத்திருந்தேன். "எத்தனை பக்குகளைப் பிடிச்சேன்னு பாருங்க சார்" என்றார். பக் என்றால் மென்பொருளில் இருக்கும் பிழை. உண்மைதான், அதைப் பிடித்ததில் அவர்தான் முதலிடம். ஆனால் ரிலீஸுக்கு முந்தைய நாள் வந்து சொல்லும் நாற்பது சின்னப் பக்குகளைவிட, இரண்டு வாரம் முன்னால் சொல்லும் நாலு பெரிய பக்குகள்தான் எனக்கு வேண்டியிருந்தன. அதை நான் அவரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வருடம் முழுக்க அவர் ஒரு பந்தயத்தில் ஓடினார், நான் வேறொரு பந்தயத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். "இதை ஏப்ரல்லயே சொல்லியிருந்தா அப்படியே செஞ்சிருப்பேனே" என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. அந்த வருடம் அவருக்கு மார்க்கைக் குறைக்கவில்லை. குறைப்பது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாவது, இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்தும் மதிப்பு வேறாக இருப்பது. இதை ஒரே பேச்சில் தீர்க்க முடியாது. 'நீங்கள் இப்படிப் பார்க்கிறீர்கள், நான் இப்படிப் பார்க்கிறேன், காரணம் இது' என்று இரண்டையும் படிவத்தில் எழுதிவிடுங்கள். அவரும் கையெழுத்துப் போடட்டும். பூசி மெழுகினால் ரேட்டிங் வருகிற அன்று பெரிதாக வெடிக்கும்.

இப்போது ஒரு எச்சரிக்கை, இதை மீறினால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. ஒருவர் மனம் திறந்து எழுதிய தவறை அவருக்கு எதிராகத் திருப்பாதீர்கள். பல வருடம் முன்பு ஒரு நிறுவனத்தில் நான் என் படிவத்தில் எழுதினேன், ஒரு சப்ளையர் சொன்ன தேதியை நம்பிச் சரிபார்க்காமல் விட்டுவிட்டேன், அதனால் உற்பத்தி லைன் ஒரு நாள் நின்றது, இனி வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பேன் என்று. பேச்சில் பாராட்டினார்கள். ஏப்ரலில் கடிதம் வந்தபோது, ரேட்டிங் குறைந்ததற்குக் காரணமாக என் வாக்கியமே எழுத்து மாறாமல் அதில் இருந்தது. அடுத்த மூன்று வருடம் அந்தக் கட்டத்தில் 'எதுவுமில்லை' என்று மட்டும் எழுதினேன். அறையில் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் விஷயம் தெரியும், அவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். ஒரு கடிதத்தால் ஒரு முழு அணியின் வாய் மூடிப்போனது. என் அணியில் நான் கொடுக்கும் வாக்கு இதுதான்: எனக்கு முன்பே தெரியாத ஒரு தவறை நீங்களாக எழுதினால் அதற்காக மார்க் குறையாது. ஏமாற்று வேலை, பாதுகாப்பை மீறியது இரண்டும் மட்டும் இதில் சேராது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

சம்பளப் பேச்சையும் இந்தப் பேச்சையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். இது நான் கண்டுபிடித்ததல்ல. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் மேயர், கே, ஃபிரெஞ்ச் மூவரும் ஆராய்ந்து 1965இல் எழுதியது. குறை சொன்னால் அந்த விஷயத்தில் ஊழியர் முன்னேறுவதைவிடத் தற்காத்துக்கொள்வதே அதிகம் நடக்கிறது, பாராட்டும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, சம்பளம் பற்றிய பேச்சையும் வேலையை மேம்படுத்துவது பற்றிய பேச்சையும் பிரித்துவிடுங்கள் என்றார்கள். அதற்கும் முன்னால் 1957இல் டக்ளஸ் மெக்ரிகர் என்ற மேலாண்மைப் பேராசிரியர், மேலதிகாரி நீதிபதி மாதிரி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு, ஊழியரே தன் இலக்கை வைத்துத் தானே மதிப்பிட்டுக்கொள்ளட்டும், மேலதிகாரி கூட இருந்து உதவட்டும் என்றார். நம் நாட்டில் 1970களின் நடுவில் எல் அண்ட் டி நிறுவனத்துக்காக உதய் பரீக், டி.வி. ராவ் என்ற பேராசிரியர்கள் அப்ரைசல் முறையை மாற்றி அமைத்தபோதும், ஊழியரை வளர்ப்பதைத்தான் மையத்தில் வைத்தார்கள். ஹைக், அதாவது சம்பள உயர்வு, எத்தனை சதவீதம் என்ற பேரத்துக்கு இந்தப் படிவம் வந்து சேர்ந்தது வழி தவறித்தான்.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். மேலதிகாரி எழுதும் வருடாந்திர ரகசிய அறிக்கை என்று இருந்த காலத்தில் பாதகமாக ஏதாவது எழுதினால் மட்டும்தான் ஊழியருக்குச் சொல்வார்கள். எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறியாளர் ஒருவருக்கு 1993-94இல் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பாதகம் இல்லையே, அதனால் சொல்லவில்லை. பதவி உயர்வுக்கு 'மிக நன்று' தேவைப்பட்டதால் அந்த 'நன்று' அவரைக் கீழேயே நிறுத்திவிட்டது. தேவ் தத் வழக்கு என்று பெயர். 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம், எந்தப் பதிவானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. 2008-09 அறிக்கையிலிருந்து மத்திய அரசு முழு அறிக்கையையும் காட்டி, ஆட்சேபம் சொல்ல 15 நாள் தருகிறது. அதில் ஊழியர் தானே எழுதும் பகுதியில் எனக்குப் பிடித்த ஒரு கேள்வி உண்டு: இலக்கில் எங்கே குறைந்தது, அதற்குத் தடையாக இருந்தது என்ன? பல தனியார் படிவங்களில் தடை என்ற சொல்லே கிடையாது.

அந்தத் தடைகளைத்தான் அடுத்து பார்க்க வேண்டும். ஒன்பது தாள்களையும் ஒரு மேசையில் பரப்பி, ஆளை மறந்துவிட்டு விஷயத்தை மட்டும் பாருங்கள். ஒருமுறை என் அணியில் ஐந்து பேர், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலே, ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: கஸ்டமரின் சர்வரில் நுழைய அனுமதி கேட்டால் மூன்று நாலு நாள் ஆகிறது, அந்த நாட்களும் டிக்கெட் கணக்கில் எங்கள் தலையில் விழுகிறது. அதுவரை நான் அந்த ஐந்து பேரையும் 'கொஞ்சம் மெதுவான ஆட்கள்' என்று தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தேன். கஸ்டமர் பக்கத்து மேனேஜரிடம் அந்த ஐந்து பத்திகளையும் பெயரை எடுத்துவிட்டுக் காட்டினேன். எந்த வாரம் யாருடைய முறையோ, அதாவது அவசரத்துக்குக் கூப்பிட்டால் யார் வரவேண்டுமோ, அவருக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி என்று ஏற்பாடு ஆனது. ஒருவர் எழுதினால் சாக்கு மாதிரி தெரிவது, ஐந்து பேர் எழுதும்போது கோளாறு எங்கே என்று காட்டிவிடுகிறது. அதை எழுதியவர்களுக்கு, 'நீங்கள் எழுதியதால் இது மாறியது' என்று திரும்பப் போய்ச் சொல்ல மறக்காதீர்கள்.

மேலே ரேட்டிங் முடிவாகிவிடுகிறது என்றீர்களே, அதற்கு வருகிறேன். பெரிய கம்பெனிகளில் பெல் கர்வ் பார்த்து, அதாவது இத்தனை பேருக்குத்தான் மேல் ரேட்டிங், இத்தனை பேருக்குக் கீழ் ரேட்டிங் என்று முன்பே பங்கு போட்டு வைத்து, அதற்குள் எல்லோரையும் அடக்க எல்லா லீடுகளும் உட்கார்ந்து நார்மலைசேஷன் என்று ஒரு கூட்டம் நடத்துவார்கள். 2013இல் மைக்ரோசாஃப்ட் இந்தக் கட்டாயப் பங்கீட்டைக் கைவிட்டது, 2012இலேயே அடோபி வருடாந்திர அப்ரைசலையே நிறுத்தியது, ஆனால் பல இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் தேதியை ஹெச்.ஆரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் ஒன்பது பேச்சையும் அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு வரி கையில் இருக்கட்டும். 'நல்ல பையன், கடுமையாக உழைக்கிறான்' என்று சொன்னால் அங்கே யாரும் காதில் வாங்க மாட்டார்கள். 'கம்ப்ரசர் ஐந்து மாதத்தில் 14 முறை நின்றது, இவர் கைவைத்த பிறகு ஏழு மாதத்தில் 2 முறை' என்றால் அறை அமைதியாகிவிடும். அதை நேரில் பார்த்திருக்கிறேன், அந்த மெயின்டனன்ஸ் அண்ணனுக்கு அந்த வருடம் கிரேடு ஏறியது. அப்படியும் சில வருடம் தோற்போம். அப்போது ஆளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: நான் இதைக் கேட்டேன், இன்னது கிடைத்தது, மீதி என் கையில் இல்லை. 'ஹெச்.ஆர். செய்தது' என்று கைகழுவாதீர்கள்.

உங்கள் ஒன்பது பேருக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் பத்து நிமிடம், அந்த வாரம் செய்ததில் மூன்று வரி. என்ன பிரச்சினை, நான் என்ன செய்தேன், அதனால் என்ன மாறியது. யாரோ நன்றி சொல்லி மெயில் போட்டால் அதை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைக்கட்டும். மார்ச்சில் ஞாபகத்திலிருந்து எழுதுகிறவர் ஜனவரிக்குப் பிறகு நடந்ததை மட்டும்தான் எழுதுவார். நீங்களும் ஜூலையில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டால், மார்ச்சில் படிப்பதற்குப் புதிதாக அதிகம் இருக்காது. அதுதான் நல்லது.

இந்த வாரமே தொடங்குங்கள், அந்த 3 போட்ட இரண்டு பேரை முதலில் கூப்பிடுங்கள். மற்ற ஏழு பேர் எப்படியாவது தங்கள் பக்கத்தைச் சொல்லிவிடுவார்கள், இவர்கள் கேட்டால்தான் சொல்வார்கள். ஏன் 3 என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் உடனே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். போன வருடம் உங்களை ரொம்பப் படுத்திய வேலை எது என்று கேட்டுவிட்டு, ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருங்கள்.